முதல் வரிசையில் இருந்தும் காத்திருந்த பணி

1997 ஜூலை 4 அன்று மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சுற்றிலும் காற்றுப்பைகள் உப்பியிருக்க, ஏரிஸ் வாலிஸ் என்ற பழைய வெள்ளச் சமவெளியில் மோதி, பலமுறை துள்ளி, உருண்டு நின்றது. அதிலிருந்து சுமார் பத்தரைக் கிலோ எடையுள்ள சோஜர்னர் என்ற ஆறு சக்கர வண்டி மண்ணில் இறங்கி ஓடியது. செவ்வாயில் ஓடிய முதல் வண்டி அதுதான். படங்களும் வானிலை அளவீடுகளும் வந்து குவிந்துகொண்டிருந்தபோது, சில நாட்களில், தாய்க்கலத்தின் கணினி தானாகவே ரீசெட் ஆக ஆரம்பித்தது.

சேகரித்த தரவு எதுவும் தொலைந்துவிடவில்லை. ஆனால் ரீசெட் ஆன ஒவ்வொரு முறையும், அன்றைக்குச் செய்யச் சொல்லியிருந்த மீதி வேலைகள் நின்றுபோய் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. ஒரு மாதத்துக்கென்று திட்டமிட்ட ஆய்வில் இது சின்ன இழப்பு இல்லை.

வன்பொருளில் எந்தப் பழுதும் இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று கணினி தீர்மானிக்கும் இடத்தில்தான் சிக்கல் இருந்தது. ஒரு வேலைக்கு முதலிடம் கொடுப்பது எளிது என்றுதான் நமக்குத் தோன்றும். பட்டியலில் மேலே எழுதிவிட்டால் போதாதா? போதாது என்பதைப் பாத்ஃபைண்டர் அளவுக்குத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு வேறு எனக்குத் தெரியவில்லை.

ஒரு செயலி ஒரு நேரத்தில் ஒரு பணியைத்தான் செய்யும். பல பணிகள் ஒரே சமயத்தில் நடப்பதுபோலத் தெரிவதெல்லாம் வேகமான மாற்றத்தின் விளைவு. இயங்குதளத்துக்குள் ஷெட்யூலர் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை எண் கொடுத்திருப்பார்கள். ஓடத் தயாராக இருக்கும் பணிகளில் எதற்கு அதிக முன்னுரிமையோ அதற்குச் செயலியைக் கொடுப்பது ஷெட்யூலரின் வேலை. ஒரு பணி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைவிட உயர்ந்த ஒன்று தயாராகிவிட்டால், ஓடுகிற பணியைப் பாதியில் நிறுத்தி, அது எந்த வரியில் நின்றது, என்ன மதிப்புகளை வைத்திருந்தது என்பதையெல்லாம் நினைவகத்தில் பத்திரப்படுத்திவிட்டு, உயர்ந்த பணியை ஓடவிடும். அது முடிந்ததும் நிறுத்திய பணி விட்ட இடத்திலிருந்தே தொடரும். தான் நிறுத்தப்பட்டதே அந்தப் பணிக்குத் தெரியாது.

சரி, எந்தப் பணிக்கு உயர்ந்த எண் கொடுப்பது? எது முக்கியமோ அதற்கு என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் பணி 10 மில்லிநொடிக்கு ஒருமுறை வரும், முடிக்க 4 மில்லிநொடி ஆகும். இரண்டாவது பணி 100 மில்லிநொடிக்கு ஒருமுறை வரும், முடிக்க 40 மில்லிநொடி ஆகும். ஒவ்வொன்றும் அடுத்த முறை வருவதற்குள் முடிந்தாக வேண்டும், அதுதான் அதன் கெடு. இரண்டாவதுதான் முக்கியம் என்று அதை முதலில் ஓடவிட்டால், அந்த 40 மில்லிநொடிக்குள் முதல் பணி நான்கு தடவை கெடு தவறிவிடும். மாற்றி, அடிக்கடி வருகிற சின்னப் பணிக்கு முதலிடம் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு 10 மில்லிநொடியிலும் அது 4 எடுத்துக்கொள்ள, மிச்சம் 6 பெரிய பணிக்குக் கிடைக்கும். முதல் 60 மில்லிநொடியில் பெரிய பணி 36 முடித்திருக்கும். அடுத்து சின்னப் பணி 4 எடுத்துக்கொண்டபின், பாக்கி 4-ஐ முடித்து 68-வது மில்லிநொடியில் பெரிய பணியும் முடிந்துவிடும். 100-க்குள் வேண்டியது 68-லேயே தயார். யாரும் கெடு தவறவில்லை.

இப்படி அடிக்கடி வருகிற பணிக்கே உயர்ந்த முன்னுரிமை என்ற விதியைக் கணித முறையில் ஆராய்ந்து, சி. எல். லியூ, ஜேம்ஸ் லேலண்ட் இருவரும் 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பணிகளுக்கு மாறாத முன்னுரிமை கொடுக்கிற முறைகளில் இதைவிடச் சிறந்தது இல்லை என்று நிரூபித்தார்கள். ஒன்றையொன்று சாராத பணிகள் எத்தனை இருந்தாலும், அவையெல்லாம் சேர்ந்து கேட்பது செயலியின் நேரத்தில் சுமார் 69 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் எதுவும் கெடு தவறாது என்றும் காட்டினார்கள். முக்கியம் என்பது வேறு, முதலில் செய்யவேண்டியது என்பது வேறு என்று இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். லேலண்ட் அப்போது வேலை பார்த்தது கலிபோர்னியாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில். அதே ஆய்வகம்தான் பின்னாளில் பாத்ஃபைண்டரைக் கட்டியது.

முன்னுரிமை ஒரு பயணத்தையே காப்பாற்றியும் இருக்கிறது. 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11-இன் இறங்குகலம் நிலவை நெருங்கும்போது அதன் கணினி 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டியது. இறங்குவதற்குத் தேவையில்லாத ஒரு ரேடாரிலிருந்து ஓயாமல் வந்த சமிக்ஞைகள், செயலியின் நேரத்தில் ஏறத்தாழ 13 முதல் 15 சதவீதத்தைத் தின்றுகொண்டிருந்தன. புதிய பணிகளுக்கு நினைவகத்தில் இடமில்லாமல் போனது. ஆனால் மார்கரெட் ஹாமில்டன் தலைமையிலான குழு எழுதிய மென்பொருள் அதற்குத் தயாராக இருந்தது. தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொண்டு, இறங்குவதற்கு அவசியமான பணிகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டது, மற்றவற்றை உதறிவிட்டது. எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தும் கலம் பத்திரமாக இறங்கியது.

பாத்ஃபைண்டரிலும் முன்னுரிமைகளை யோசித்துத்தான் ஒதுக்கியிருந்தார்கள். அதன் கணினியில் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இயங்குதளம் ஓடியது. கருவிகளுக்கும் கணினிக்கும் இடையே தரவு போகும் பொதுவான பாதையைப் பஸ் என்பார்கள். நொடிக்கு எட்டுத் தடவை, அதாவது 125 மில்லிநொடிக்கு ஒருமுறை, அந்தப் பஸ்ஸில் ஒரு சுற்று நடக்கும். சுற்றைத் திட்டமிடும் பணிக்கு உச்ச முன்னுரிமை. சுற்றில் வந்த தரவை மற்றப் பணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் விநியோகப் பணிக்கும் மிக உயர்ந்த இடம். அதற்குக் கீழே நடுத்தரப் பணிகள் பல. எப்போதாவது ஓடி வானிலை அளவுகளைச் சேகரிக்கும் பணி ஏறக்குறைய அடியில் இருந்தது. காற்றழுத்தத்தைக் கொஞ்சம் தாமதமாகப் பதிவு செய்தால் குடி முழுகிவிடாது என்பதால் அந்த இடம் அதற்குச் சரிதான்.

விநியோகப் பணியும் வானிலைப் பணியும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. தகவலைக் கைமாற்ற இரண்டும் ஒரே உள்பட்டியலைத் தொட வேண்டியிருந்தது. ஒரு பணி அதை மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று கைவைத்தால் பட்டியல் குழம்பிவிடும். அதனால் அதற்கு ஒரு பூட்டு. பூட்டை எடுத்த பணி வேலையை முடித்துத் திறக்கும்வரை, மற்றது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் காத்திருக்க வேண்டும். பூட்டு கையில் இருக்கப்போவது கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு என்பதால் யாரும் அதைப் பெரிதாக நினைக்க மாட்டார்கள்.

இப்போது நடந்ததைப் பாருங்கள். வானிலைப் பணி பூட்டை எடுத்தது. திறப்பதற்குள் ஒரு நடுத்தரப் பணி தயாராக, ஷெட்யூலர் விதிப்படி வானிலைப் பணியை நிறுத்திவிட்டு நடுத்தரப் பணியை ஓடவிட்டது. அந்தச் சமயம் விநியோகப் பணி எழுந்து வந்தது. அதற்குப் பூட்டு வேண்டும். பூட்டோ வானிலைப் பணியிடம். விநியோகப் பணி காத்திருக்கப் போனது. வானிலைப் பணி ஓடினால்தான் பூட்டு திறக்கும். ஆனால் நடுத்தரப் பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்க, அதற்கு முறையே வரவில்லை. அந்த நடுத்தரப் பணிகளுக்குப் பூட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் தங்களைவிட உயர்ந்த ஒரு பணியை அவை நிறுத்திவைத்துவிட்டன. அடுத்த சுற்றுக்கு எழுந்த திட்டமிடும் பணி, விநியோகம் இன்னும் முடியவில்லை என்று கண்டது. கெடு தவறினால் ஏதோ பெரிய கோளாறு என்று எடுத்துக்கொள்ளும்படி அதற்குச் சொல்லியிருந்தார்கள். அது கணினியை ரீசெட் செய்தது.

குறுகிய சந்து ஒன்றுக்குள் ஆம்புலன்ஸ் நுழைய வேண்டும். சந்து வாயை அடைத்துக்கொண்டு ஒரு தள்ளுவண்டி வெளியேறக் காத்திருக்கிறது. ஆனால் பெரிய சாலையில் கார்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருப்பதால் தள்ளுவண்டிக்கு வழி கிடைக்கவில்லை. எல்லாரும் ஆம்புலன்ஸுக்கு வழிவிடத் தயார்தான். ஆனால் தள்ளுவண்டிக்கு வழிவிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்னுரிமை தலைகீழாவது என்பது இதுதான். ஜெராக்ஸில் வேலை செய்த பட்லர் லாம்ப்சனும் டேவிட் ரெடலும் 1980-லேயே இப்படி நடக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

கண்டுபிடித்த விதம் இன்னும் சுவையானது. பூமியிலிருந்து ஒரு கட்டளை செவ்வாய்க்குப் போய்ச்சேரவே அப்போது பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. அங்கே போய்த் திறந்து பார்க்க முடியாது. அதனால் க்ளென் ரீவ்ஸ் தலைமையிலான மென்பொருள் குழு, ஆய்வகத்தில் வைத்திருந்த நகல் கணினியில் அதே மென்பொருளை ஓடவிட்டு, எந்தப் பணி எப்போது ஓடியது, யார் எந்தப் பூட்டை எடுத்தார்கள் என்ற முழுத் தடத்தையும் பதிவு செய்தது. ஒரு நாளுக்குள் ரீசெட் அங்கேயும் வந்துவிட்டது. தடத்தைப் படித்ததும் காரணம் புரிந்தது. பறப்பதற்கு முன்பே சோதனையில் இந்த ரீசெட் எட்டிப்பார்த்திருந்தது. ஆனால் மறுபடி வரவழைக்க முடியவில்லை. அப்போது எல்லாருடைய கவனமும் பத்திரமாக இறங்குவதில்தான் இருந்தது. இறங்கிய பிறகோ எதிர்பார்த்ததைவிட அதிகத் தரவை அனுப்ப முடிந்தது. நல்ல செய்திதான், ஆனால் நடுத்தரப் பணிகளின் சுமை சோதனையில் பார்த்ததைவிடக் கூடிவிட்டது. எப்போதோ ஒருமுறை நடக்க வேண்டியது அடிக்கடி நடந்தது.

தீர்வு ஏற்கெனவே தயாராக இருந்தது. லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி மூவரும் 1990-ல் வெளியிட்ட கட்டுரையில் அதை விரிவாக விளக்கியிருந்தார்கள். ராஜ்குமார் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர்கள் சொன்ன முறைக்கு ப்ரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் என்று பெயர். உயர்ந்த பணி ஒன்று பூட்டுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தவுடன், பூட்டை வைத்திருக்கும் பணிக்கு அதே முன்னுரிமையை ஏற்றிவிட வேண்டும். நடுத்தரப் பணிகள் இப்போது அதை மறிக்க முடியாது. அது வேலையை முடித்துப் பூட்டைத் திறந்தவுடன் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். மேலே இருப்பவர் சீக்கிரம் போக வேண்டுமென்றால் அடியில் இருப்பவரைத் தூக்கிவிட வேண்டும் என்ற இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

விஎக்ஸ்வொர்க்ஸில் அந்த வசதி இருந்தது. பூட்டை உருவாக்கும்போது கொடுக்கும் ஒரு அமைப்பு மதிப்பை மாற்றினால் போதும். ஆனால் இந்தப் பூட்டைப் பாத்ஃபைண்டர் குழு தானாக உருவாக்கவில்லை. இயங்குதளத்தோடு வரும் ஒரு நூலகம், அதாவது தயாராக எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பு, தன் உள்வேலைக்காக உருவாக்கிக்கொண்ட பூட்டு அது. வழக்கமான அமைப்பில் அந்த வசதி அணைந்திருந்தது. உள்ளே இப்படி ஒரு பூட்டு இருப்பதே அதைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியாது. மாற்றினால் வேறெங்காவது பாதிப்பு வருமா என்று ஆராய்ந்து, நகல் கணினியில் சோதித்துவிட்டு, ஒரு சின்னத் திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். ரீசெட் நின்றது. ஒரு மாதத்துக்குத் திட்டமிட்ட கலம் செப்டம்பர் 27 வரை பேசிக்கொண்டிருந்தது. அதன் கேமரா மட்டும் அனுப்பிய படங்கள் 16,500.

அந்த ஆண்டு டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கருத்தரங்கில், விஎக்ஸ்வொர்க்ஸை உருவாக்கிய விண்ட் ரிவர் நிறுவனத்தின் டேவிட் வில்னர் இந்தக் கதையைச் சொன்னார். கட்டுரை எழுதிய மூவரும் அரங்கிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கௌரவித்தார்கள். தங்கள் கணக்கு இன்னொரு கிரகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கலத்துக்கு உதவியதைக் கேட்க எத்தனை ஆராய்ச்சியாளர்களுக்கு வாய்க்கும்!

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ஒரு பூட்டை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்காக ஒரு பணி காத்திருக்க, அந்த இன்னொன்றை வைத்திருக்கும் பணி முதல் பூட்டுக்காகக் காத்திருந்தால், யார் முன்னுரிமையை எவ்வளவு ஏற்றினாலும் இருவரும் அசைய முடியாது. அதே 1990 கட்டுரை இதற்கும் வழி சொல்கிறது. ஒரு பூட்டை எந்தெந்தப் பணிகள் எடுக்கக்கூடும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அவற்றில் மிக உயர்ந்ததன் முன்னுரிமையை அந்தப் பூட்டுக்கு உச்சவரம்பாக எழுதிவைக்க வேண்டும். மற்றவர்கள் கையில் இருக்கும் பூட்டுகளின் உச்சவரம்பு எல்லாவற்றையும்விடத் தன் முன்னுரிமை அதிகமாக இருந்தால் மட்டுமே ஒரு பணி புதிய பூட்டை எடுக்கலாம். இதனால் சுற்றிச்சுற்றிக் காத்திருக்கும் நிலை வரவே வராது. தனக்குக் கீழே உள்ளவர்களால் ஒரு பணி அதிகபட்சம் ஒரு முறைதான் தடைபடும். லினக்ஸ் இயங்குதளத்தில் முன்னுரிமையை ஏற்றிவிடும் பூட்டு 2006-லிருந்தே இருக்கிறது. கார்களுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்காக எழுதப்பட்ட ஓஸெக் தரநிலையோ உச்சவரம்பு முறையை எடுத்துக்கொண்டது. அதில் காத்திருப்பவர் வரும்வரை பொறுப்பதில்லை. பூட்டை எடுத்த அந்தக் கணமே பணியை உச்சவரம்புக்கு ஏற்றிவிடுகிறார்கள்.