22 ஆலைகள், ஒரே ஓடை

ருமேனியாவின் தென்மேற்கு மூலையில், செர்பிய எல்லைக்குப் பக்கத்தில், எஃப்திமியே முர்கு என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1848 புரட்சியில் முன்னின்ற வழக்கறிஞர் ஒருவரின் பெயர் அது. 1805இல் அவர் பிறந்த ஊர் என்பதால் பிற்காலத்தில் ஊருக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். பழைய பெயர் ருடரியா. ஊரின் தெற்கே மலை இடுக்கிலிருந்து ஓர் ஓடை இறங்கி வருகிறது. அந்த ஓடையோரமாகச் சுமார் 3 கிலோமீட்டர் நடந்தால் 22 நீராலைகளைக் கடந்துவிடலாம். ஒவ்வொன்றும் ஓர் அறை அளவே உள்ள மரக்கட்டடம். உள்ளே ஒரு ஜோடி மாவுக்கல், தரைக்கு அடியில் ஒரு சக்கரம். அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கிராமத்துக்கு எதற்கு 22 மாவு மில்? நல்லதாக, பெரியதாக ஒன்று கட்டியிருந்தால் போதாதா? எனக்கு இந்த ஊர்மேல் ஆசை வந்ததே இந்தக் கேள்வியால்தான். பதிலில் பாதி மலையிலும் தண்ணீரிலும் இருக்கிறது. மீதிப் பாதி, ஊர்க்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஓர் ஏற்பாட்டில் இருக்கிறது.

முதலில் நிலம். செமெனிக் மலையில் பிறக்கும் நேரா என்ற ஆறு, நாலாபக்கமும் மலை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்குக்குள் வந்து விரிகிறது. அல்மஷ் பள்ளத்தாக்கு என்று பெயர். அங்குள்ளவர்கள் அதை 'அல்மஷ் நாடு' என்றே சொல்கிறார்கள். போசோவிச் அதன் சந்தை ஊர். பள்ளத்தாக்கை விட்டு வெளியேற ஆறு மேற்கே சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பெரிய இடுக்கு வழியாகப் போய், கடைசியில் தன்யூப் நதியில் கலக்கிறது. சுண்ணாம்புப் பாறை தண்ணீரை நம்ப முடியாததாக்கிவிடும். வெடிப்பிலும் குகையிலும் இறங்கி, ஓடை பாதி வழியிலேயே காணாமல் போகும். வேறெங்கோ ஊற்றாக எழும். ஆனால் பள்ளத்தாக்கின் தெற்குப் பக்கம் உள்ள அல்மஷ் மலைகளில் பெரும்பாலும் பழைய, இறுகிய உருமாறிய பாறைகள். அவை தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. பெய்த மழையும் உருகிய பனியும் மேலோடையாகவே வந்து சேரும். ருடரியா ஓடை அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அதுவும் நல்ல சரிவில்.

சரிவு இருந்தால் ஒரு வசதி. ஆலை தண்ணீரைக் குடிப்பதில்லை. அதன் உயரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கல்லும் கட்டையும் போட்டு ஓடையைக் கொஞ்சம் தடுத்து, பக்கவாட்டில் ஒரு வாய்க்கால் பிரித்து, கரையோரமாகக் கிட்டத்தட்ட மட்டமாகவே கொண்டுபோனால், ஓடை கீழே இறங்கிக்கொண்டே போக வாய்க்கால் மட்டும் மேலேயே நிற்கும். சற்றுத் தூரத்தில் இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். அங்கே ஆலை. சக்கரத்தில் விழுந்த தண்ணீர் மறுபடி ஓடைக்கே போகிறது. கொஞ்சம் கீழே போனால் அடுத்த தடுப்பு, அடுத்த வாய்க்கால், அடுத்த ஆலை. ஒரே தண்ணீர் 22 முறை வேலை செய்கிறது.

இந்தச் சக்கரத்தைத்தான் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நீராலை என்றதும் நம் மனதில் வருவது படங்களில் பார்த்த, வீட்டுச் சுவரோரம் நிமிர்ந்து நின்று சுழலும் பெரிய சக்கரம். ருடரியாவில் அது இல்லை. இங்கே சக்கரம் படுத்துக் கிடக்கிறது. நடுவே செங்குத்தாக ஓர் அச்சு. அச்சின் கீழ்முனை ஒரு குமிழ்மேல் ஊன்றிச் சுழல்கிறது. மேல்முனை தரையைத் துளைத்து, அடிக்கல்லின் நடுத்துளை வழியாக ஏறி, மேல்கல்லைப் பிடித்துக்கொள்கிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் மேல்கல்லும் ஒரு சுற்று. நடுவே பல்சக்கரம் கிடையாது, பட்டை கிடையாது. கையால் சுற்றும் நம் திரிகையில் பிடிக்கட்டையைக் கழற்றிவிட்டு, அடியிலிருந்து ஓர் அச்சைச் செருகி, ஓடையைச் சுற்றச் சொன்னது போல.

அங்கே இந்தச் சக்கரத்துக்குச் சியூதுரா என்று பெயர். கிணற்று வாளிக்கும் ருமேனிய மொழியில் அதே சொல்தான். காரணம், அதன் இதழ்கள் தட்டைப் பலகைகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு கரண்டியைப் போலக் குழிவாகக் குடைந்த மரத்துண்டு. அவற்றை அச்சின் அடிப்பாகத்தைச் சுற்றி வரிசையாகச் செருகியிருப்பார்கள். ஒன்று உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் பிடுங்கிவிட்டுப் புதிது செருகலாம்.

குழாயடியில் உள்ளங்கையைத் தட்டையாக நீட்டிப் பாருங்கள். தண்ணீர் நாலாபக்கமும் தெறிக்கும். இப்போது கையைக் குவித்துப் பிடியுங்கள். தண்ணீர் உள்ளே வளைந்து, வந்த பக்கமாகவே திரும்பி எழும். கையில் அழுத்தம் கூடுவது தெரியும். தண்ணீரைத் திருப்பி அனுப்பும்போது, அதை நிறுத்துவதற்கு ஒரு தள்ளு, எதிர்ப்பக்கம் அனுப்புவதற்கு இன்னொரு தள்ளு என இரண்டும் கரண்டிக்குக் கிடைக்கின்றன. சுழலும் சக்கரத்தில் இது இன்னும் அழகாக வேலை செய்கிறது. இதழ் அசையாமல் நின்றால் அழுத்தம் அதிகம், வேலை ஒன்றும் நடக்காது. தண்ணீரின் வேகத்திலேயே இதழும் ஓடினால் அழுத்தமே இருக்காது. இரண்டுக்கும் நடுவே, தண்ணீரின் வேகத்தில் பாதி வேகத்தில் இதழ் ஓடும்போதுதான் அதிகபட்ச சக்தி கிடைக்கும். தட்டை இதழாக இருந்தால், அந்த நிலையிலும் பாய்ச்சலின் ஆற்றலில் பாதிக்கு மேல் எடுக்க முடியாது. குழிந்த இதழுக்கு அந்த உச்சவரம்பு இல்லை. கச்சிதமாகச் செய்தால் தண்ணீர் தன் வேகத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, சோர்ந்து கீழே விழும். 1880இல் அமெரிக்காவில் லெஸ்டர் பெல்ட்டன் காப்புரிமை பெற்ற, இன்றைய மலைப்பகுதி நீர்மின் நிலையங்களில் ஓடும் பெல்ட்டன் சக்கரத்தின் அடிப்படையும் இதேதான். அவருடைய கிண்ணம் இரட்டைக் கிண்ணம், நடுவே ஒரு முகடு, செய்தது உலோகத்தில். ருடரியாவின் கரண்டி அவ்வளவு திறமையானதில்லை. ஆனால் கோடாரியும் குடைவுளியும் வைத்துச் செய்த கைகளுக்கு அந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்ணீர் 3 மீட்டர் இறங்குகிறது, விநாடிக்கு 50 லிட்டர், அதாவது ஐந்து வாளி, வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரின் வேகம் விநாடிக்குச் சுமார் 7.7 மீட்டர். அதில் பாதி 3.8. சக்கரத்தின் குறுக்களவு 1 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு எழுபதுக்கு மேல் சுற்று வரும். மாவுக்கல்லுக்கு இது தோதான வேகம். நிமிர்ந்து நிற்கும் பெரிய சக்கரம் இதில் ஒரு சிறு பங்கு வேகத்தில்தான் சுழலும். அதைக் கல்லுக்கு ஏற்றபடி கூட்டத்தான் பல்சக்கரங்கள் வேண்டியிருக்கின்றன. சக்கரத்தைச் சின்னதாக்கிப் படுக்கப் போட்டதுமே அந்தத் தேவை ஒழிந்தது. சக்தி? தண்ணீரில் இருப்பது ஏறத்தாழ 1,470 வாட். மூன்றில் ஒரு பங்கு கல்லுக்குப் போய்ச் சேர்ந்தால் 500 வாட். வீட்டு மிக்ஸியின் மோட்டார் அளவு! ஒரு மூட்டை அரைக்க மணிக்கணக்கில் ஆகும். ஏன் இத்தனை ஆலை என்பதற்கு இது ஒரு காரணம்.

வாய்க்காலிலிருந்து தண்ணீர் சக்கரத்துக்கு ஒரு சாய்ந்த மரக்குழாய் வழியாக வருகிறது. மேலே வாய் அகலம், கீழே முனை குறுகல். தண்ணீருக்கு வேகம் தருவது உயரம். குறுகிய முனை செய்வது வேறு. குழாயை எப்போதும் நிரம்ப வைத்து, உள்ளே தண்ணீரை மெதுவாக நகரவிட்டு, உராய்வில் வீணாகாமல் காப்பாற்றி, கடைசி நொடியில் ஒரே தாரையாகக் கரண்டியின் குழிக்கே குறிபார்த்து விடுகிறது.

இனி மேலே, கல் அறைக்குள் வரலாம். மேல்கல்லுக்கு மேலே தொங்கும் கூடைப்பெட்டியில் மக்காச்சோளம். பெட்டியின் அடியில் சற்றே சாய்ந்த ஒரு சின்ன மரத்தொட்டி. அதிலிருந்து ஒரு குச்சி நீண்டு, சுழலும் கல்லின்மேல் உரசிக்கொண்டிருக்கும். கல்லின் சொரசொரப்பில் குச்சி துள்ளத் துள்ள, தொட்டி அதிர்ந்து, மணிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லின் கண்ணுக்குள் விழும். டக டக டக என்று ஆலைக்குள் ஓயாமல் கேட்கும் சத்தம் அதுதான். மழை பெய்து ஓடையில் தண்ணீர் கூடினால் கல் வேகமெடுக்கும், குச்சி வேகமாகத் துள்ளும், சோளமும் அதிகம் விழும். தண்ணீர் குறைந்தால் எல்லாமே தானாக மெதுவாகும். கல் நின்றால் சோளமும் நின்றுவிடும். பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. தானியங்கிக் கட்டுப்பாடு என்று இன்று பொறியியல் கல்லூரியில் பாடமாகச் சொல்லித்தருவதை, அங்கே ஒரு குச்சி செய்துகொண்டிருக்கிறது. இந்த ஆலையில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு அந்தக் குச்சி.

மாவின் பருமனுக்கும் ஓர் எளிய வழி உண்டு. அச்சு ஊன்றி நிற்பது ஒரு நீளக் கட்டையின்மேல். அந்தக் கட்டையின் ஒரு முனையை மேலிருந்தே கொஞ்சம் உயர்த்தலாம், தாழ்த்தலாம். உயர்த்தினால் அச்சோடு மேல்கல்லும் எழும்பும். கற்களுக்கு நடுவே இடைவெளி கூடும். மாவு கரகரப்பாக விழும். தாழ்த்தினால் நைசாகும். விழும் மாவை விரலிடையில் தேய்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியதுதான்.

மெதுவாக அரைப்பதில் லாபமும் இருக்கிறது. மக்காச்சோள மணியின் முளையில் எண்ணெய்ச் சத்து அதிகம். வேகமாக அரைத்தால் உராய்வில் மாவு சூடேறி, அந்த எண்ணெய் சீக்கிரம் கெட ஆரம்பிக்கும். மெதுவாகச் சுற்றும் கல்லில் மாவு அவ்வளவு சூடாவதில்லை, மணமும் தங்குகிறது. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 17ஆம் நூற்றாண்டில் ருமேனியர் வாழ்ந்த பகுதிகளுக்கு வந்து, ஏழைகளின் அன்றாடச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. மாவைக் கொதிநீரில் போட்டுக் கிண்டி இறக்கினால் மமலிகா. நம் களிதான், கொஞ்சம் கெட்டியாக. நூலால் அறுத்துத் துண்டு போடுவார்கள். முளையோடு அரைத்த மாவு அதிக நாள் தாங்காது. ஆண்டு முழுவதற்கும் ஒரேயடியாக அரைத்து வைக்க முடியாது. கொஞ்சமாக, அடிக்கடி அரைக்க வேண்டும். அப்படியென்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் அடிக்கடி ஆலை கிடைத்தாக வேண்டும்.

இங்கேதான் அந்த ஏற்பாடு வருகிறது. ருடரியாவின் ஆலைகளில் சம்பளத்துக்கு ஆள் இல்லை. ருமேனியாவின் மற்ற ஊர்களில் ஆலைக்காரர் அரைப்புக்கூலியாக மாவில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். 'உயும்' என்று அதற்குப் பெயர். இங்கே ஒவ்வோர் ஆலையும் பல குடும்பங்களுக்குப் பொதுச்சொத்து. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு முறை உண்டு: ஒருவருக்கு ஒரு முழு நாள், இன்னொருவருக்கு அரை நாள், வேறொருவருக்குச் சில மணி நேரம். ஏரிப்பாசனத்தில் நாம் 'முறைத் தண்ணீர்' என்கிறோமே, அதே பொருளில்தான் அவர்களும் சொல்கிறார்கள். முறைக்காரர் அங்கே ரின்தாஷ். தன் முறை வந்தால் நடுராத்திரியானாலும் சோளத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவரே அரைத்துக்கொள்ள வேண்டும். ஆலையைப் பழுதுபார்க்கும் செலவும் உழைப்பும் அந்தக் கூட்டத்தார் பொறுப்பு. முறை என்பது நிலம் மாதிரி ஒரு சொத்து. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும், மகளுக்குச் சீதனமாகப் போகும்.

இந்தப் பகுதி 1718 முதல் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியில் இருந்தது. 1773 முதல் நூறு ஆண்டுகள் ராணுவ எல்லைப் பகுதியாகவும் இருந்தது. ஆண்கள் எல்லைக்காவல் வீரர்கள். அதற்கு ஈடாகக் குடும்பத்துக்கு நிலம். நிலத்தைத் துண்டாடாமல் கூட்டுக்குடும்பமாக வைத்திருக்கச் சட்டமே இருந்தது. பொதுவில் வைத்துக்கொண்டு முறை பிரித்துக்கொள்ளும் பழக்கம் இங்கே இவ்வளவு ஆழமாக வேர்விட்டதில் அந்த நூறு ஆண்டுகளுக்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆலைகளுக்குப் பெயரும் உண்டு. ஒன்றின் பெயர் 'ஆறுகளுக்கு நடுவே நிற்கும் பிடிவாதக்காரி'. மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் அதன் சக்கரம் சுழல்வதால் அப்படிப் பெயர் வந்தது என்கிறார்கள். ருமேனியச் சொல்லுக்குள் 'பின்னோக்கி' என்ற பொருளும் ஒளிந்திருக்கிறது. இன்னொன்று 'சுரங்க ஆலை'. அங்கே வாய்க்காலுக்குக் கரையில் இடமில்லாமல் பாறையையே குடைந்து தண்ணீரைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

வெள்ளம் வந்தால் தடுப்புகள் போகும், சில சமயம் ஆலையே போகும். ஒரு காலத்தில் இதைவிட அதிக ஆலைகள் இருந்தன. 2000ஆம் ஆண்டையொட்டி சிபியூ நகரத்தின் அஸ்த்ரா அருங்காட்சியகம் முன்வந்து, மீதமிருந்தவற்றைச் சீரமைக்க உதவியது. அந்த அருங்காட்சியகம் பழைய ஆலைகளைப் பிரித்து எடுத்துவந்து தன் திறந்தவெளி வளாகத்தில் நிறுத்துவதில் பேர்போனது. ருடரியாவில் மட்டும் எதையும் பெயர்க்கவில்லை. ஆலைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன; முறைகளும் அப்படியே.

அரைத்து முடித்தவர் வாய்க்காலின் வாயில் பலகையைச் செருகித் தண்ணீரைத் திருப்பிவிடுவார். கீழே கரண்டிகள் இன்னும் நாலைந்து சுற்று வந்து ஓயும். குச்சியின் சத்தம் நிற்கும். அவர் மாவுப்பெட்டியைத் துடைத்து, சாக்கைக் கட்டித் தோளில் ஏற்றுவதற்குள், அந்தத் தண்ணீர் அடுத்த ஆலையின் குழாய்க்குள் இறங்கியிருக்கும்.