பிரவுசரில் இருக்கும் மெயில் உங்கள் கம்ப்யூட்டருக்கு வருவது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தின் அன்றாடம் மெயிலில்தான் ஓடுகிறது. பையர் (சரக்கு வாங்கும் நிறுவனம்) அனுப்பும் டெக் பேக் (உடையின் அளவு, வடிவமைப்பு விவரக் கோப்பு), லேப் டிப்புக்கு (சாயமேற்றிய மாதிரித் துணி) வந்த ஒப்புதல், சாம்பிளில் சொன்ன திருத்தம், பி.ஓ. (கொள்முதல் ஆணை) எல்லாம் மெயிலாகத்தான் வரும். 'கழுத்து அகலத்தை அரை சென்டிமீட்டர் கூட்டுங்கள்' என்று பையர் எழுதியதைப் பற்றி சரக்குக் கப்பல் ஏறிய பிறகு தகராறு வந்தால், அந்த ஒரு வரிதான் நம் கையில் இருக்கும் ஆதாரம். ஆனால் பல சின்ன யூனிட்களில் அந்த மெயில் பிரவுசரில் மட்டும்தான் இருக்கிறது. நெட் போனால் பார்க்க முடியாது. கணக்கு முடங்கினால், பல வருட ஆர்டர்களின் வரலாறும் அதோடு முடங்கிவிடும்.

“ஏனுங்க்கா, இதையெல்லாம் நம்ம கம்ப்யூட்டர்லயே வெச்சுக்க முடியாதுங்களா?” என்று வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரைக் கேட்டால், பதில்: முடியும், அதற்குப் பைசா செலவில்லை. எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்த மென்பொருள் நமக்கு ஆகும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

பிரவுசரில் ஜிமெயிலைத் திறக்கும்போது, கூகுளின் சர்வர் உங்கள் மெயில்களை ஒரு வலைப்பக்கமாக அடுக்கிக் காட்டுகிறது. தாவலை மூடினால் உங்கள் பக்கம் நம்பி எடுத்துப் பார்க்க எதுவும் தங்காது. தண்டர்பேர்ட் மாதிரியான மெயில் மென்பொருள் பக்கத்தைக் கேட்பதில்லை, மெயிலையே கேட்கிறது. அப்படிக் கேட்பதற்கென்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விதிமுறைகள் உண்டு. மெயிலை எடுக்க பாப், ஐமேப் என்று இரண்டு, அனுப்ப எஸ்எம்டிபி.

பாப் 1984-ல் வந்தது. இன்று புழங்கும் பாப்3 அதன் மூன்றாவது வடிவம். அது பேசுவது ரொம்பச் சுருக்கம். மென்பொருள் பெயரும் கடவுச்சொல்லும் தந்த பிறகு 'ஸ்டாட்' என்று கேட்கும். சர்வர் '+ஓகே 2 320' என்று பதில் சொல்லும்: இரண்டு மெயில், மொத்தம் 320 பைட். 'ரெட்ர் 1' என்றால் முதல் மெயில் முழுசாக இறங்கும். 'டெலி 1' என்றால் அதை நீக்கு என்று அர்த்தம். ஆனால் சர்வர் அப்போதே நீக்காது, குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். கடைசியில் 'க்விட்' சொல்லி முறையாக விடைபெற்றால்தான் நிஜமாக நீக்கும். பாதியில் கரண்ட் போனாலோ லைன் அறுந்தாலோ எல்லா மெயிலும் சர்வரில் அப்படியே இருக்கும். டயல்-அப் காலத்தில் இதை யோசித்து வடிவமைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

பாப்புக்கு ஒரு குறை உண்டு. எந்த மெயிலைப் படித்தோம், எதை எந்த ஃபோல்டரில் போட்டோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அலுவலகக் கம்ப்யூட்டரில் படித்தது போனில் படிக்காததாகவே நிற்கும். ஒரே ஆள், ஒரே கம்ப்யூட்டர் என்றால் பரவாயில்லை. மூன்று பேர் ஒரே ஆர்டரைப் பின்தொடரும் இடத்துக்கு ஐமேப்தான் சரி.

ஐமேப்பை 1986-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர் மார்க் கிறிஸ்பின். இதில் மெயில் சர்வரிலேயே இருக்கும், உங்கள் கம்ப்யூட்டரில் அதன் பிரதி இருக்கும், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியே நிற்கும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒவ்வொரு மெயிலுக்கும் ஏறுவரிசையில் ஓர் எண். உங்கள் மென்பொருள் கடைசியாகப் பார்த்தது 4392 என்றால், அடுத்த தடவை '4392-க்கு மேல் என்ன இருக்கிறது?' என்று மட்டும் கேட்கும். பழையதை மறுபடி இறக்க வேண்டியதில்லை. முதலில் அனுப்புநர், பொருள், தேதியை மட்டும் வாங்கிவிட்டு, 9 எம்பி டெக் பேக்கை அப்புறம் இறக்கிக்கொள்ளவும் முடியும். (மெயிலில் இணைப்புகள் எழுத்துகளாக மாற்றப்பட்டுப் போகின்றன, மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து. அதனால் அந்த 9 எம்பி வழியில் 12 எம்பி ஆகிவிடும்.)

அடுத்தது கடவுச்சொல். முன்பு மெயில் மென்பொருளில் கடவுச்சொல்லை நேரடியாக எழுதி வைத்தால் போதும். கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு அதை 2022 மே மாதம் நிறுத்தியது, மைக்ரோசாஃப்ட் அவுட்லுக்.காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பரில் நிறுத்தியது. இப்போது ஓஆத் என்ற முறை. கணக்கைச் சேர்க்கும்போது கூகுளின் உள்நுழைவுப் பக்கமே திறக்கும், கடவுச்சொல்லை அங்கேதான் தருவீர்கள். மென்பொருளுக்குக் கிடைப்பது ஓர் அனுமதிச் சாவி மட்டும். கம்ப்யூட்டர் தொலைந்துபோனால் கூகுள் கணக்குக்குள் போய் அந்தச் சாவியை மட்டும் ரத்து செய்துவிடலாம். 'கடவுச்சொல் சரியாகத்தான் போடுறேன், உள்ளேயே விடமாட்டேங்குது' என்று புலம்புபவர்களில் பலர் இந்த முறை தெரியாத பழைய மென்பொருளை வைத்திருப்பவர்கள்தான்.

சரி, ஐமேப்போ பாப்போ தராத மெயில் சேவை என்றால்? 2002-ல் யாகூ தன் இலவசப் பயனர்களுக்கு பாப் வசதியை நிறுத்திக் கட்டணம் ஆக்கியது. அப்போது பிறந்தவைதான் ஒய்பாப்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள். இவை இரண்டு பாஷையும் தெரிந்த தரகர் மாதிரி நடுவில் நின்றன. உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடிக்கொண்டு, ஒரு பக்கம் பிரவுசர் போல யாகூவின் தளத்தில் நுழைந்து, வலைப்பக்கத்திலிருந்து மெயிலைப் பிய்த்தெடுக்கும். மறுபக்கம் மெயில் மென்பொருளிடம் 'நான்தான் பாப் சர்வர்' என்று பேசும். சர்வர் முகவரியாக 127.0.0.1 என்று கொடுக்க வேண்டும். எந்தக் கம்ப்யூட்டரிலும் அந்த எண் 'நானே' என்றுதான் அர்த்தம். யாகூ பக்கத்தின் வடிவமைப்பை மாற்றும் ஒவ்வொரு தடவையும் இவை படுத்துக்கொள்ளும். இன்று யாகூ ஐமேப்பை இலவசமாகவே தருவதால், இப்படிப்பட்ட பழைய மென்பொருளைத் தேடிப்பிடித்து நிறுவாதீர்கள். பராமரிப்பு இல்லாத ஒன்றிடம் கடவுச்சொல்லைக் கொடுப்பது ஆபத்து.

ஆனால் அந்த உத்தி சாகவில்லை. நிறுவனங்கள் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வருக்கு டேவ்மெயில் என்ற திறமூல மென்பொருள் இதையே செய்கிறது, உங்கள் கம்ப்யூட்டரில் 1143 என்ற போர்ட்டில் (இணைப்பு வாசலின் எண்) ஐமேப் சர்வராக நிற்கும். புரோட்டான் மெயில் சேவைக்கு பிரிட்ஜ் என்று இதே மாதிரி ஒன்று இருக்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்தக் கட்டணக் கணக்கு வேண்டும்.

மெயில் மென்பொருளில் என் சிபாரிசு தண்டர்பேர்ட். 2004 டிசம்பரில் 1.0 வந்தது, நன்கொடையில் ஓடுகிறது, அலுவலகத்திலும் வீட்டிலும் இலவசம். பழைய, வேகம் குறைந்த கம்ப்யூட்டருக்கு கிளாஸ் மெயிலும் (Claws Mail) நல்லது. ஈஎம் கிளையன்ட் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். கம்பெனியில் போட்டால் உரிமம் மீறியதாகும். விண்டோஸோடு வரும் புதிய அவுட்லுக்கும் இலவசம்தான். ஆனால் அதில் ஜிமெயிலைச் சேர்த்தால், மெயிலின் பிரதி மைக்ரோசாஃப்ட்டின் சர்வருக்குப் போய்த்தான் உங்களிடம் வரும். மெயில் வழியில் வேறு யார் சர்வரிலாவது தங்குகிறதா என்று பார்ப்பது, விலையைப் பார்ப்பதை விட முக்கியம் என்பேன்.

தண்டர்பேர்டில் பெயர், மெயில் முகவரி கொடுத்தால் ஜிமெயில், யாகூ போன்றவற்றுக்கு மற்ற அமைப்பையெல்லாம் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். சொந்த டொமைன் (கம்பெனி பெயரிலேயே உள்ள முகவரி) மெயில் சிக்கினால் போர்ட் எண்களைக் கையால் போடுங்கள்: ஐமேப்புக்குப் பெரும்பாலும் 993, அனுப்ப 465 அல்லது 587. ஜிமெயிலில் மட்டும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அதில் ஃபோல்டர் கிடையாது, லேபிள்தான். ஐமேப்பில் ஒவ்வொரு லேபிளும் ஒரு ஃபோல்டராகத் தெரியும், 'ஆல் மெயில்' என்பதில் எல்லாமே மறுபடி இருக்கும். இன்பாக்ஸில் உள்ள மெயில் அதிலும் இறங்கி இரட்டை இடம் பிடிக்கும். அதனால் 'ஆல் மெயில்' ஒன்றை மட்டும் இறக்க விட்டு, மற்றவற்றுக்குத் தலைப்பு மட்டும் போதும் என்று அமைத்துவிடுங்கள்.

ஐமேப் பிரதியை காப்பு என்று நினைத்துவிடக் கூடாது. யாராவது போனில் ஒரு மெயிலை நிரந்தரமாக அழித்தால், உங்கள் கம்ப்யூட்டரிலும் அது போய்விடும். முடிந்த ஆர்டர்களின் மெயிலை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதியில் பிரதி எடுத்துப் போடுங்கள், அதற்கும் சர்வருக்கும் தொடர்பில்லை. தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டர் மெயிலை எம்பாக்ஸ் என்ற ஒற்றைக் கோப்பாக வைக்கும். அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே திறக்கும். மாதம் ஒரு தடவை தண்டர்பேர்டை மூடிவிட்டு மெயிலும் அமைப்புகளும் இருக்கும் அதன் புரொஃபைல் ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள்.

முதல் தடவை எல்லாம் இறங்க நேரம் ஆகும். ஐமேப் வழியாக ஒரு கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 2500 எம்பி இறக்கலாம் என்பது கூகுளின் வரம்பு. 15 ஜிபி நிறைந்த பெட்டி என்றால் ஆறு நாள் பிடிக்கும். நடுவில் நின்றுவிட்டது என்று கணக்கை அழித்து மறுபடி சேர்க்க வேண்டாம், அப்படியே விடுங்கள், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும்.