அலுமினியத் தகட்டில் விரிசல்: வளைக்கும் முன்பே முடிவாகிற விஷயம்

வளைத்து முடித்த தகட்டின் வெளிப்பக்கத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். வழுக்கிக்கொண்டு போனால் நிம்மதி. ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரத்தால், உலோகம் தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். நகம் எங்காவது மாட்டினால் அந்தத் துண்டைக் கழித்துவிடுவேன்.

இந்தப் பழக்கம் ஒரு தாங்கியால் வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் 3 மி.மீ. தகட்டில் எல் வடிவத் தாங்கிகள் செய்து கொடுத்தேன். ஒன்றின் வளைவில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு தெரிந்தது. பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும் என்று நினைத்தேன், மறைந்தும் போனது. பாரம் ஏறி இறங்கி, சில மாதங்களில் அதே கோட்டில் தாங்கி இரண்டாகப் பிரிந்து விழுந்தது. கீழே யாரும் நிற்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

தவறு மெஷினில் இல்லை, தகட்டைத் தேர்ந்தெடுத்ததில். அது 6061-டி6. நான் அதை வெறும் 'அலுமினியம்' என்றுதான் பார்த்தேன்.

தகட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணில் முதல் பாதி எந்தக் கலவை என்று சொல்கிறது. கோட்டுக்குப் பிறகு வருவது டெம்பர், அதாவது எவ்வளவு கடினப்படுத்தப்பட்ட தகடு என்பது. வளைப்பவருக்கு இரண்டாம் பாதியே முக்கியம். 'ஓ' என்றால் முழுக்க மென்மையாக்கியது. கிட்டத்தட்ட மடித்தே விடலாம். 'எச்' என்றால் சூடில்லாமல் உருட்டி இறுக்கியது; 3003-எச்14, 5052-எச்32 இரண்டும் நல்ல பிள்ளைகள். பெட்டி, மூடி, தட்டு போன்ற வேலைகளுக்கு நான் 5052-ஐத்தான் கேட்டு வாங்குகிறேன். டி6 வெப்பத்தால் கடினப்படுத்தப்பட்டது. அறுக்கவும் கடையவும் அருமையாக இருக்கும், வளைக்க மட்டும் இடம் கொடுக்காது.

அடுத்தது வளைவின் உள் ஆரம். வளையும்போது உள்பக்கம் நசுங்குகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது. தகட்டின் கனமும் உள் ஆரமும் சமமாக இருந்தால் வெளித்தோல் ஏறத்தாழ 33 சதவீதம் நீள வேண்டியிருக்கும். ஆரத்தைக் கனத்தின் மூன்று மடங்காக்கினால் அது 14 சதவீதமாகக் குறையும். கூர்மையாக வளைத்தால் அழகாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்கிறேன். மெல்லிய 5052-எச்32 தகட்டுக்குக் கனத்தின் அளவு ஆரம் பொதுவாகப் போதும். 6061-டி6-க்கு மூன்று மடங்குக்குக் குறையாமல் தொடங்குவேன். தகடு கனமாக ஆக அதற்கும் மேலே போக வேண்டும். எதுவானாலும் அதே தகட்டில் ஒரு துண்டு வெட்டி வளைத்துப் பார்க்காமல் வேலையைத் தொடுவதில்லை.

தகட்டை உற்று நோக்கினால் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும். ஆலையில் உருளைகளுக்கு இடையே தகடு நீண்ட திசை அது. வளைவுக் கோடு அதற்குக் குறுக்கே விழ வேண்டும். இணையாக விழுந்தால் சீக்கிரம் பிளக்கும். நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வளைக்க வேண்டிய துண்டுகளை வெட்டும்போதே கொஞ்சம் சாய்த்து அடுக்கிக்கொள்ளலாம். தகடு சற்று வீணாகும், பரவாயில்லை.

விரிசல் பெரும்பாலும் ஓரத்தில்தான் பிறக்கிறது. வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறை அரத்தால் தேய்த்து, வளையும் இடத்தை எமரித் தாளால் வழவழப்பாக்குங்கள். அடையாளக் கோட்டை ஸ்க்ரைபரால் கீறவே கூடாது. அந்தக் கீறலிலேயே தகடு கிழியும். மார்க்கர் போதும். இரண்டு வளைவுகள் சந்திக்கும் மூலையில் சிறிய துளை போட்டுவிட்டால் மூலை கிழியாது.

அளவு தவறுவது இன்னொரு வகை நஷ்டம். 2 மி.மீ. தகடு, உள் ஆரம் 3 மி.மீ., 90 டிகிரி வளைவு. வெளி அளவு 50-ம் 30-ம் வேண்டும் என்பதற்காக 80 மி.மீ. வெட்டினால் துண்டு நீளமாகிவிடும். நடுக்கோட்டுக் காரணியை, அதாவது நீளாமலும் நசுங்காமலும் இருக்கும் கோடு கனத்தில் உள்பக்கத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்ற விகிதத்தை, 0.4 என்று எடுத்தால் வளைவு மட்டும் தின்னும் நீளம் 1.57 × (3 + 0.4 × 2), அதாவது ஏறத்தாழ 5.97 மி.மீ. இரு பக்கமும் மூலைவரை அளந்ததில் 5-ம் 5-மாக (ஒவ்வொன்றும் ஆரம் 3 + கனம் 2) 10 மி.மீ. கணக்கில் வந்துவிட்டது. ஆகவே 4.03-ஐக் கழித்து 75.97 வெட்ட வேண்டும். இந்த 0.4 எல்லாத் தகட்டுக்கும் பொருந்தாது. சோதனைத் துண்டை அளந்து உங்கள் டைக்கு (வளைக்கும் அச்சுக்கு) உரிய எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கையை எடுத்ததும் தகடு கொஞ்சம் திரும்பும், அதனால் 90-ஐத் தாண்டி வளைக்க வேண்டும். டி6 அதிகம் திரும்பும், ஆரம் பெரிதானால் இன்னும் அதிகம். தாண்டிப் போய்விட்டதென்று திருப்பி நிமிர்த்தி மறுபடி வளைக்காதீர்கள். ஒருமுறை வளைந்த இடம் ஏற்கெனவே இறுகியிருக்கும்.

'லேசாகச் சூடு காட்டி வளைத்தால் போச்சு' என்பவர்களிடம் நான் வாதாடாமல் இருந்ததில்லை. அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. 6061 சுமார் 580 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கிவிடும். உருகாமல் தப்பினாலும், முழுக்க மென்மையான 6061-இன் நெகிழ்வு வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்) 55 மெகாபாஸ்கல்தான். டி6-இல் அது 276. விரிசல் இல்லாமல் வளைந்திருக்கும், ஆனால் வரைபடம் எதிர்பார்த்த பலம் அந்த மூலையில் இருக்காது. பலமும் வேண்டும், கூர்மையும் வேண்டும் என்றால் டி4 நிலையில், அதாவது அடுப்பில் முழுக்கக் கடினமாக்குவதற்கு முந்தைய நிலையில், வாங்கி வளைத்து, பிறகு கட்டுப்பாடுள்ள அடுப்பில் சுமார் 175 டிகிரியில் 8 மணி நேரம் வைத்து டி6-க்குக் கொண்டுவரலாம். டி6 அளவுக்குப் பிடிவாதம் பிடிக்காமல் டி4 வளையும்.

பாரம் தாங்கும் துண்டு என்றால் நகத்தோடு நிறுத்த மாட்டேன். பெயின்ட் அடிப்பதற்கு முன் விரிசலுக்குள் புகும் சிவப்புச் சாய ஊடுருவியைத் தடவி, காத்திருந்து, துடைத்து, வெள்ளை டெவலப்பரைத் தெளிப்பேன். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடாக ஊறி வரும். என் முதல் தாங்கிக்கு அந்த அரை மணி நேரத்தை நான் கொடுக்கவில்லை.