சம்பிரதாயம்: கொடுத்தவரும் வாங்கியவரும்

அச்சுக்குப் போகவிருந்த ஒரு நூலின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ‘சம்பிரதாயம்’ என்னும் சொல் ஒரே பக்கத்தில் நான்கு இடங்களில் வந்திருப்பதைக் கண்டேன். ‘அவர் ராமானுஜ சம்பிரதாயத்தில் வந்தவர்’ என்பது முதல் இடம். ‘மருமகள் வலக்காலை எடுத்து வைத்து உள்ளே வருவது எங்கள் வீட்டுச் சம்பிரதாயம்’ என்பது இரண்டாவது. ‘சம்பிரதாயத்துக்கு நலம் விசாரித்துவிட்டு உட்கார்ந்தார்’ என்பது மூன்றாவது. ‘சம்பிரதாயத்தை மீறாதே என்று குரு கண்டித்தார்’ என்பது நான்காவது. கூடிய மட்டும் தமிழ்ச் சொற்களே வரட்டும் என்று நூலாசிரியர் கேட்டிருந்ததால், முதல் இடத்தில் ‘மரபு’ என்றும், இரண்டாம் இடத்தில் ‘வழக்கம்’ என்றும், மூன்றாம் இடத்தில் ‘ஒப்புக்கு’ என்றும் மாற்றினேன். நான்காம் இடத்தில் பேனா நின்றுவிட்டது.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. ‘சம்’ என்பது முழுமையையும், ‘பிர’ என்பது முன்னோக்கிச் செல்வதையும் குறிக்கும் முன்னொட்டுகள். ‘தா’ என்பது கொடுத்தலைக் குறிக்கும் வேர். முழுவதுமாகக் கைமாற்றிக் கொடுப்பது என்பது இதன் நேர்ப்பொருள். ஆசிரியர் மாணவருக்கு, அவர் தம் மாணவருக்கு என்று இடையறாமல் வரும் உபதேசத்தையும், அவ்வாறு பெற்றவர்களின் கூட்டத்தையும் இச்சொல் பின்னர் குறிக்கலாயிற்று. இன்றும் ராமானுஜ சம்பிரதாயத்தைச் சேர்ந்தவர்கள் ‘ஸம்ப்ரதாயம்’ என்றே எழுதுவார்கள். ‘ப்ர’ என்னும் கூட்டொலி தமிழ் நாவுக்கு ஒத்துவராமையால், நடுவில் ஓர் இகரத்தை நுழைத்து நாம் ‘சம்பிரதாயம்’ ஆக்கிக்கொண்டோம்.

இதே வேரில் பிறந்த ‘சம்பிரதானம்’ என்னும் இலக்கணக் கலைச்சொல், கொடுக்கும் செயலில் பெறுகிறவரைக் குறிக்கும். தமிழில் ‘கு’ உருபேற்று வரும் நான்காம் வேற்றுமைப் பொருள்களுள் நன்னூல் முதலில் வைப்பதும் ‘கொடை’யே. பெறுகிறவர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர் என்பதை வடமொழி இலக்கணிகள் நுட்பமாகக் கவனித்திருக்கிறார்கள். மறுக்காமல் வாங்கிக்கொள்பவர் ஒருவர், தாமே கேட்டு வாங்குபவர் ஒருவர், கொடுக்கட்டுமா என்றபோது இசைவு தந்து பெறுபவர் ஒருவர் என மூவகை. வேற்றுமை இலக்கணத்துக்காகச் செய்த பகுப்புதான். ஆயினும் ‘சம்பிரதாயம்’ என்ற சொல்லை ஒருவர் பயன்படுத்தும்போதெல்லாம், பெறுகிறவர் முதல் வகையினராக மட்டுமே இருக்க வேண்டும் என்று ஏன் எண்ணிக்கொள்கிறோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சொல்லின் பின்பாதியாகிய ‘தாயம்’ தமிழர்க்குப் புதியதன்று. பரம்பரைச் சொத்து, அரசுரிமை என்னும் பொருள்களில் அது சங்கப் பாட்டிலேயே வருகிறது. ‘தாயாதி’ என்று பங்காளிகளைச் சொல்வதும் அதனால்தான். (‘தாய்’ என்பதிலிருந்தே தாயம் வந்தது என்று வாதிடுவோரும் உண்டு.) முன்னோர் ஒருவர்பின் ஒருவராக இறக்க, முறைப்படி தன்னிடம் வந்து சேர்ந்த அரசுரிமையைச் சோழன் நலங்கிள்ளி புறநானூற்றின் 75-ஆம் பாட்டில் ‘பழவிறல் தாயம்’ என்கிறான். ‘கிடைத்துவிட்டது, சிறப்படைந்தோம்’ என்று மகிழ்ந்து குடிகளிடம் வரி இரந்து நிற்கும் சிறியவனுக்கு அது பெருஞ்சுமை. ஆற்றல் உடையவன் பெற்றால், வற்றிய குளத்தில் வெயிலில் காய்ந்து கிடக்கும் நெட்டித் தண்டு போல அது மிக இலேசானது என்று பாட்டு முடிகிறது. முன்னோரிடமிருந்து வந்தது என்பதற்காகவே ஒன்று சிறந்ததாகிவிடாது, அதன் மதிப்பு பெற்றவனைப் பொறுத்தது என்பதை உரிமைக்காரனே சொல்கிறான் என்பதுதான் இப்பாட்டில் எனக்குப் பிடித்த இடம்.

வைணவ சமயத்தில் இதற்கு நிகரான கதை திருக்கோட்டியூரில் நடந்ததாகக் குருபரம்பரை நூல்கள் கூறுவது. எட்டெழுத்து மந்திரத்தின் பொருளைக் கேட்டறிய ராமானுஜர் திருவரங்கத்திலிருந்து 18 முறை நடந்து போனார் என்றும், இறுதியில் திருக்கோட்டியூர் நம்பி அதனை உரைத்து, தகுதி ஆராயாமல் எவர்க்கும் சொல்லலாகாது என்று ஆணையிட்டார் என்றும், ராமானுஜரோ அடியார்களைக் கூட்டி உரக்கச் சொல்லிவிட்டார் என்றும் அந்நூல்கள் சொல்லும். குருவின் ஆணையை மீறினால் நரகம் அல்லவா என்று நம்பி கேட்டதற்கு, இத்தனை பேர் உய்வார்களானால் நான் ஒருவன் நரகம் புகுவது தகும் என்று அவர் விடை சொன்னாராம். நம்பி அவரைத் தழுவி ‘எம்பெருமானார்’ என்று அழைத்ததும், அச்சமயநெறி ‘எம்பெருமானார் தரிசனம்’ என்று பெயர் பெற்றதும் கதையின் முடிவு. வரலாறாகக் கொள்வதா, அடியார்களின் நம்பிக்கையாகக் கொள்வதா என்பது வேறு பேச்சு. சொல்லாராய்ச்சிக்கு வேண்டியது இவ்வளவே: கைமாற்றும் முறையை மீறியவர் பெயரையே, கைமாறி வந்த நெறி தன் பெயராக ஏற்றுக்கொண்டது, அக்கதையையும் அந்நெறியினரே பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

இனித் தமிழ் நிகர்கள். ‘மரபு’ என்பதற்கு நன்னூல் தரும் இலக்கணம் பலரும் அறிந்தது: ‘எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே’. யானைக்குப் பாகன், ஆட்டுக்கு இடையன் என்று பெரியோர் சொன்னபடியே சொல்வது என்பது இதன் கருத்து. ஆனால் அதே நூலின் கடைசியில் ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே’ என்றும் பவணந்தியார் எழுதிவைத்தார். முதல் நூற்பாவை மட்டும் மேடையில் ஓதுபவர்களும், இரண்டாவதை மட்டும் ஓதுபவர்களும் நமக்குப் பழக்கமானவர்களே. இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பதை இரு சாராரும் சொல்வதில்லை. மேலும் ‘உயர்ந்தோர்’ யார் என்பதை அந்த நூற்பா விளக்காமல் விட்டுவிடுகிறது. மொழியைப் பொறுத்தவரை அது பெரிய சிக்கலன்று. வாழ்க்கை முறையைப் பொறுத்தவரை, மரபைப் பற்றிய சண்டைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு சொல்லைப் பற்றியவையே.

அண்மைக் காலத்தில் ‘மரபணு’, ‘மரபியல்’ என்னும் அறிவியல் சொற்கள் பரவியதால், மரபு என்றாலே குருதியில் கலந்து வருவது, மாற்ற முடியாதது என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. கண்ணின் நிறத்தை நாம் கேட்டு வாங்குவதில்லை. வழிபாட்டு முறை அப்படியன்று, யாரோ சொல்லித்தந்து நாம் கற்றது. ஆகையால் சமயம் சார்ந்த இடங்களில் ‘மரபு’ என்று எழுதும்போது, இது பிறப்பால் வந்ததைச் சொல்கிறதா, கற்பித்ததால் வந்ததைச் சொல்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

‘வழக்கம்’, ‘வழக்கு’ என்னும் சொற்களை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன். ‘வழங்கு’ என்னும் வினைக்குக் கொடுத்தல் என்றும் பொருள் உண்டு, நடமாடுதல், பயன்பாட்டில் இருத்தல் என்றும் பொருள் உண்டு. அதாவது வடசொல்லில் உள்ள கொடை இதிலும் இருக்கிறது, கூடவே ‘இன்றும் நடப்பில் இருக்க வேண்டும்’ என்னும் நிபந்தனையும் இருக்கிறது. அதற்கும் மேலாக, உலக வழக்கைக் குறிக்கும் அதே ‘வழக்கு’தான் இரு தரப்பினர் வாதிட்டுத் தீர்ப்புக் கேட்கும் வழக்கையும் குறிக்கிறது. நெடுநாள் நடைமுறையையும் அதைப் பற்றிய தகராறையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழி நம்முடையது.

நீதிமன்றமும் ஏறத்தாழ இப்படித்தான் பார்க்கிறது. இந்தியாவின் 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், வழக்காறு என்பது ஓரிடத்திலோ சமூகத்திலோ குடும்பத்திலோ நெடுங்காலம் இடைவிடாமல் ஒரே சீராகப் பின்பற்றப்பட்டு, சட்டத்தின் வலுவைப் பெற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. அத்துடன் அது உறுதியானதாகவும், நியாயத்துக்கு ஒவ்வாததாகவோ பொதுநலக் கொள்கைக்கு முரணானதாகவோ இல்லாததாகவும் இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. பழமை மட்டும் போதாது. 1967-இல் அச்சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், புரோகிதரும் சடங்குகளும் இன்றி, உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டு நடக்கும் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது. அன்று ‘சம்பிரதாயமற்ற திருமணம்’ என்று முகம் சுளிக்கப்பட்ட ஒன்று, மூன்று தலைமுறையாக அவ்வாறே மணம் செய்துவரும் குடும்பங்களில் இன்று குடும்ப வழக்கமாகிவிட்டது.

மூன்றாவது பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘சம்பிரதாயமாக’ என்றால் உள்ளன்பு இல்லாமல், முறைக்காகச் செய்வது என்றாகிவிட்டது. ‘ஒப்புக்கு’, ‘பேருக்கு’, ‘முறைக்கு’ என்னும் பேச்சுச் சொற்கள் எல்லாம் இங்கே பொருந்தும். ஒரு சொல்லின் மதிப்பு மக்கள் மனத்தில் எவ்வளவு தேய்ந்திருந்தால் அது இப்படி ஒரு பொருளை ஏற்கும் என்பதை மட்டும் கவனிக்கலாம்.

அந்த நான்காம் வாக்கியத்துக்கு வருகிறேன். ‘மரபை மீறாதே’ என்று போட்டால், கண்டிப்பவருக்குப் பின்னால் பல தலைமுறைகள் வந்து நிற்கின்றன. ‘வழக்கத்தை மீறாதே’ என்றால், அது இன்னும் நடப்பில் உள்ளதா, யார் யாரிடம் உள்ளது என்று சீடன் திருப்பிக் கேட்கலாம். ‘முறையை மீறாதே’ என்றால் ஏதோ ஒழுங்கு விதி போல ஒலிக்கிறது. வடசொல் இருந்தவரை இவற்றில் எதைச் சொல்கிறோம் என்று குருவும் தெளிவாக்கத் தேவையில்லை, ஆசிரியரும் தெளிவாக்கத் தேவையில்லை. ஆகவே பக்கத்தின் ஓரத்தில் ‘எதை?’ என்று பென்சிலால் எழுதி, மெய்ப்பை ஆசிரியருக்கே திருப்பி அனுப்பினேன். பத்து நாள் கழித்து வந்த பக்கத்தில் ‘சம்பிரதாயத்தை’ என்பது அடிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் அவர் கையெழுத்தில் ‘என் சொல்லை’ என்று இருந்தது.