இட்டேரியை வரையலாம், பட்டா எல்லையை வரையலாமா?

காங்கேயம், தாராபுரம் பக்கம் பல ஆண்டுகளாக நிலம் அளந்து வருகிறேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஆர்வத்தோடு இறங்கும் இளைஞர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2004-இல் தொடங்கிய அந்தக் கூட்டு வரைபடத்தில் கணக்கு வைத்திருக்கும் எவரும் எழுதலாம், திருத்தலாம். ஆனால் நேரில் போய்ப் பார்க்கும் இன்னொருவரால் சரிபார்க்க முடிந்ததையே சேர்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நெறி.

ஒருமுறை வண்டித்தடத் தகராறு ஒன்றில் அளக்கப் போயிருந்தபோது, பெரியவர் ஒருவர் கைபேசியை நீட்டி, "பாருங்க சார், மேப்புலயே எங்க எல்லை போட்டிருக்குதுங்க" என்றார். யாரோ நில அளவைத் துறையின் புலப்படத்தைப் பார்த்துச் சர்வே எண்களோடு கோடிழுத்திருந்தார். அந்தக் கோடு இட்டேரியின், அதாவது வேலிகளுக்கு இடையே போகும் வண்டித்தடத்தின், நடுவே ஓடியது. தரையிலோ, இருபுறமும் கிளுவை வேலி, நடுவே வண்டிச் சுவடு, கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு படல். இந்த மூன்றும் வரைபடத்துக்கு உரியவை. எல்லைக்கல் இருந்தால் அந்தக் கல்லையும் குறிக்கலாம். ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான உரிமைக் கோடு கண்ணுக்குத் தெரியாதது, உட்பிரிவு ஆகும்போதெல்லாம் மாறுவது, வருவாய்த் துறைப் பதிவேட்டில்தான் இருக்க வேண்டியது. கூட்டு வரைபடத்தில் உள்ள கோடு எவருக்கும் உரிமை தராது. பங்காளிச் சண்டையை மட்டும் மூட்டிவிடும்.

பெயர்களில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். நம் பக்கம் தோட்டத்தின் பெயரே ஊர்ப்பெயராகிவிடுவதுண்டு; பேருந்து நிறுத்தப் பலகையில் உள்ள பெயரை, எல்லாரும் வழிகேட்கப் பயன்படுத்தும் பெயரைத் தயங்காமல் தமிழிலேயே எழுதுங்கள். ஆனால் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், யார் குடியிருக்கிறார் என்பதை எழுதவே கூடாது. முதியவர்கள் தனியாக வாழும் சாளைகள் இங்கே ஏராளம் என்பதை நினைவில் வையுங்கள்.

நோம்பித் திருவிழாவுக்குப் போட்ட பந்தல் வேண்டாம். வாரந்தோறும் அதே இடத்தில் கூடும் சந்தை வேண்டும். கோடையில் வற்றும் ஓடையை விட்டுவிடாமல், வற்றக்கூடியது என்ற குறிப்போடு சேருங்கள். கூகுள் வரைபடத்தைப் பார்த்து எழுத உரிமம் இடந்தராது.

அன்று வரைந்தவருக்கு முதலில் காரணத்தை எழுதினேன். அவர் இசைந்த பிறகு கோடுகளை நீக்கி, தடத்தையும் வேலியையும் படலையும் சேர்த்தேன்.