வெள்ளையா தட்டையா தெரியிற தரைய நம்பி வண்டிய இறக்காதீங்க

சவுதி, ஓமன், எமிரேட்ஸ்னு பாலைவனத்துல மண் ஆய்வு வேலைல இருக்கேன். புதுசா வர்ற நம்ம பசங்க, டிரைவரோ சர்வே ஹெல்பரோ, மணல்மேட்டுல திணறித் திணறி வந்து எதிர்ல வெள்ளையா தட்டையா ஒரு தரை தெரிஞ்சதும் அப்பாடா ரோடு மாதிரி இருக்குன்னு ஆக்சிலேட்டர மிதிச்சிடுறாங்க. அங்கதான் பயமே.

நம்ம ஊர்ல கண்மாய் வத்தி பாளம் பாளமா வெடிச்சா மேல மாட்டுவண்டியே போகும், அந்த நினைப்புல சப்காவுக்குள்ள, அதாவது பாலைவனத்து உப்புச் சகதித் தரைக்குள்ள, இறங்கக்கூடாது. அங்க நிலத்தடி உப்புத்தண்ணி பல இடத்துல 1 மீட்டர் ஆழத்துக்குள்ளயே நிக்கும், அது மேல ஏறி வெயில்ல ஆவியாகி உப்பு மட்டும் பொருக்கா தங்கிடும், அடியில சகதி. முந்தின நாள் தண்ணி லாரி போன தடத்துலயே, ராத்திரி ஒரு தூறல் போட்டதுக்கப்புறம் எங்க பிக்கப் ஆக்சில் வரைக்கும் இறங்கிடுச்சு, உப்பு கரைஞ்சு பொருக்குக்கு வலு போயிடுச்சு. ஓமன் மேற்குல இருக்கிற பெரிய சப்காவுக்கு உம் அல் சமீம்னு பேரு, விஷத்தோட தாய்னு அர்த்தம், சும்மா வைக்கல அந்தப் பேர.

அதனால ஓரத்துலயே நிறுத்தி இறங்கிப் பாருங்க. பொருக்கோட விளிம்பு அப்பளம் மாதிரி சுருண்டு நிக்குதா, மிதிச்சா நொறுங்குதா, குதிகாலால உடைச்சா உள்ள கருப்பா ஈரம் தெரியுதா, சப்காதான். வந்த வழியே திரும்பிடுங்க.

இதே மாதிரி வெள்ளையா தட்டையா தெரியிற இன்னொரு தரை பழங்கால நன்னீர் ஏரிப்படுகை, அது வேற மாதிரி. சுத்தியிருக்கிற மணல காத்து அள்ளிட்டுப் போனதால இது மட்டும் திண்ணை மாதிரி கொஞ்சம் உசந்து நிக்கும். ஒரு துண்ட எடுத்தா சில இடத்துல சாக்பீஸ் மாதிரி வெயிட்டே இருக்காது, நாக்குல வச்சா ஒட்டிக்கும், உப்புக் கரிக்காது, குட்டிக்குட்டி நத்தை ஓடு கூட கிடைக்கும். இது வண்டிய தாங்கும், ஆனா தயவுசெஞ்சு ஏத்தாதீங்க. சவுதி வடக்குல நஃபூத் பாலைவனத்துல அலதர்ங்கிற இடத்துல இப்படி ஒரு ஏரிப்படுகைலதான் சுமார் 1,20,000 வருஷத்துக்கு முந்தின மனுஷங்க, யானை, ஒட்டகக் காலடித்தடம் கிடைச்சு 2020ல ஆய்வு வெளியாச்சு. அவ்ளோ காலம் மணலுக்கடியில பத்திரமா கிடந்தது வெளிய தெரிஞ்சதும் காத்துலயே அரிக்க ஆரம்பிச்சிடும், அதுமேல நம்ம டயர் ஒரு தடவ ஏறினா என்ன மிஞ்சும் சொல்லுங்க? ஜிபிஎஸ்ல இடத்த குறிச்சுக்கிட்டு, டயர்ல காத்த கொறச்சு, மணல் பக்கமாவே சுத்திப் போங்க, அரை மணி நேரம் கூட ஆனாலும் பரவால்ல.