பத்தொன்பது மரமும் மூன்று கோடிப் பூச்சியும்

மழைக்காலம் வந்தால் தெருவில் கொசு மருந்துப் புகை அடிக்க ஓர் ஆள் வருவார். தோளில் தொங்கும் குழாய், காதைத் துளைக்கும் சத்தம், பின்னாலேயே ஓடும் பிள்ளைகள். கிட்டத்தட்ட அதே வகை இயந்திரத்தை வைத்துக்கொண்டுதான், உலகில் எத்தனை வகை உயிர்கள் இருக்கின்றன என்ற கேள்வியைப் புரட்டிப் போட்டார் டெரி எர்வின்.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வேலை. வண்டுகளே வாழ்க்கை. வெப்பமண்டலக் காட்டு மரங்களின் உச்சியில் என்ன இருக்கிறது என்பது அப்போது பெரும்பாலும் தெரியாத சங்கதி. நூறடி உயரத்தில் வலை வீசிப் பிடிப்பது நடக்கிற காரியமா? அதனால் எர்வின் புகையை நம்பினார்.

1970களில் பனாமாவில், லூஹியா சீமன்னி என்ற ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களைத் தேர்ந்தெடுத்தார். நம் செம்பருத்தியின் குடும்பம்தான் அது. இந்த மாதிரி வேலைக்கு விடியற்காலை தோதான நேரம். காற்று அசையாது, புகை நேராக மேலே ஏறி இலைகளுக்கு நடுவே தங்கும். காற்று வீசினால் பக்கத்து மரத்துப் பூச்சியும் சேர்ந்து விழும், கணக்கு கெட்டுப்போகும்.

புகையில் கலக்கும் மருந்து, சாமந்திக்கு உறவான பூவிலிருந்து வரும் பைரத்திரின் வகை. பூச்சியின் நரம்புச் செல்களில் சோடியம் உள்ளே வரச் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. திறந்து மூடினால்தான் ஒரு செய்தி முடிந்து அடுத்த செய்தி போகும். பைரத்திரின் அந்த வாசலை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நரம்பு ஓயாமல் துடிக்கிறது, கால்கள் பிடி விடுகின்றன. கொஞ்ச நேரத்தில் கீழே மழைத் தூறல் மாதிரி சத்தம். விழுவது பூச்சி.

அப்புறம்தான் உண்மையான வேலை. விழுந்ததையெல்லாம் சாராயத்தில் போட்டு, நுண்நோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். பலவற்றுக்குப் பெயரே கிடையாது. ஆகவே உருவத்தைப் பார்த்து 'இது ஒரு வகை, அது வேறொரு வகை' என்று அடுக்குவார்கள். அப்படி அடுக்கியதில் வண்டுகள் மட்டும் ஏறக்குறைய 1,200 வகை. ஒரே ஒரு மர இனத்தில்!

1982-இல் இரண்டே பக்கக் கட்டுரையாக அவர் எழுதிய கணக்கு இதுதான். அந்த வண்டுகளில் இந்த மரத்தை மட்டுமே நம்பி வாழ்பவை எத்தனை? தாவரம் தின்பவை 682 வகை. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 136, என்று வைத்துக்கொண்டார். வேட்டையாடுபவை, பூஞ்சை தின்பவை, குப்பை தின்பவை ஆகியவற்றில் இன்னும் சிறிய பங்கு. எல்லாம் சேர்த்து 163. வெப்பமண்டல மர இனங்கள் சுமார் 50,000. பெருக்கினால் 81.5 லட்சம் வண்டு வகைகள். பூச்சி, சிலந்தி மாதிரி மூட்டுக்கால் உயிர்களான கணுக்காலிகளில் வண்டுகள் 40 சதவீதம் என்றால் மர உச்சியில் மட்டும் 2 கோடி. தரையில் அதில் பாதி. மொத்தம் 3 கோடி.

அதுவரை பெயரிடப்பட்ட உயிரினங்கள் எல்லாம் சேர்ந்தே சுமார் 15 லட்சம்தான். மற்ற ஆய்வாளர்கள் சும்மா இருப்பார்களா? அந்த 'ஐந்தில் ஒரு பங்கு' ஊகம்தானே என்று கேட்டார்கள். ஊகம்தான். ஆனால் எந்தப் படியில் ஊகித்தேன் என்று எர்வின் எழுதியே வைத்திருந்தார், எந்தச் செங்கல்லை உருவலாம் என்று எதிராளிக்கே காட்டிக்கொடுத்த மாதிரி. எனக்கு அந்த இரண்டு பக்கத்தில் பிடித்ததே அதுதான்.

புகையடித்துப் பிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. விழுந்த வண்டு அந்த மரத்தில் குடியிருந்ததா, சற்று இளைப்பாற வந்ததா? செத்த வண்டு சொல்லாது. பூச்சி ஆய்வாளர் வோய்டெக் நோவோட்னியும் அவருடைய குழுவினரும் பப்புவா நியூகினியில் வேறு வழி பார்த்தார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் பூச்சிகளை உயிரோடு பிடித்து, எந்த இலையில் எடுத்தார்களோ அதே இலையைத் தின்னக் கொடுத்தார்கள். இலையைக் கடித்தால் அது அந்த மரத்தை உண்பது, கணக்கில் சேரும். தொடாவிட்டால் வந்துபோன விருந்தாளி, தள்ளிவிடலாம்.

51 தாவர இனங்களில் 900 பூச்சி வகைகளை இப்படிப் பார்த்ததில், ஒரே மரத்தோடு நிற்பவை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பல பூச்சிகள் பங்காளி மரங்களையும் ஒரு கை பார்க்கின்றன. அத்தி தின்னும் புழுவுக்கு இன்னோர் அத்தியும் சரிதான். ஆக, மர இனங்களின் எண்ணிக்கையால் அப்படியே பெருக்கினால் ஒரே பூச்சியைப் பல தடவை எண்ணிவிடுவோம். 2002-இல் அவர்கள் கணக்கு 40 முதல் 60 லட்சம் கணுக்காலிகள் என்று இறங்கியது. 2015-இல் நைஜல் ஸ்டார்க் குழு வெவ்வேறு முறைகளை ஒப்பிட்டுச் சொன்னது: பூச்சிகள் சுமார் 55 லட்சம் வகை, அதில் வண்டுகள் 15 லட்சம்.

எர்வின் 2020-இல் காலமானார். அந்த 15 லட்சம் வண்டுகளில் இதுவரை பெயர் கிடைத்தவை கிட்டத்தட்ட 4 லட்சம்.